புதன்கிழமை எண்ணிக்கை

ஜூலை 3, வியாழன்

இணை இயக்குநர் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதை மேஜை இழுப்பறைக்குள் தள்ளியிருப்பாய். பரவாயில்லை, என்றைக்காவது எடுத்துப் பார்க்கத்தானே வேண்டும். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் உதவியாளர், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க, நீங்க யாரு?" என்றார். அண்ணன் என்றேன். "எந்த அண்ணன்?" என்றார். அம்மா போன இந்த இரண்டு வருடத்தில் உனக்கு எத்தனை அண்ணன்கள் முளைத்தார்களோ தெரியவில்லை. அதனால்தான் தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிதியில் எங்கள் பள்ளிக்கு வந்த வைஃபை கருவி நன்றாக வேலை செய்கிறது. என்னிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். கோளாறு அது வேலை செய்வதில்தான். பள்ளிக்கு ஒரு கருவிக்கு மட்டுமே அரசு பணம் தருகிறது. எங்கள் கட்டடத்தின் சுவர் ஒன்றரை அடி தடிமன். மாடியில் நூலக அறைக்குள் சிக்னல் உண்டு. கதவுக்கு வெளியே ஓர் எட்டு வைத்தால் கிடையாது. வேறு இடத்தில் மாட்டலாம் என்றால், பொருத்திய இடத்தை மாற்றினால் நிதி நிற்கும் என்று நீங்களே விதி போட்டிருக்கிறீர்கள்.

புதன்தோறும் பதினொன்று பத்திலிருந்து பதினொன்றரை வரை உங்கள் அலுவலகக் கணினி ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பிள்ளைகள் இணைப்பில் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறது. பிள்ளை தன் டேப்லெட்டில் முகத்தைக் காட்டினால்தான் கணக்கு. வருடத்தில் மூன்று தடவை எண்ணிக்கை குறைந்தால் பணம் நின்றுவிடும். எங்களிடம் டேப்லெட் வாங்கிய பிள்ளைகள் நூற்று நாற்பத்திரண்டு பேர். முப்பது பேர் உட்கார்ந்து படிக்கக் கட்டிய அறையில், பழைய மரத்தளத்தின் மேல், அத்தனை பேரும் தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். அதற்கு நேர் கீழே ஒன்றாம் வகுப்பு. முப்பத்தொரு குழந்தைகள்.

நான் இயற்பியல் வாத்தியார். எனக்குப் பேச்சில் நம்பிக்கை இல்லை, அளவில்தான். ஒன்றாம் வகுப்பின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை நிமிர்த்தி வைத்தேன். கம்பி முனைக்கும் மேலே உள்ள உத்திரத்துக்கும் இடையே நேற்றுக் காலை இருபது மில்லிமீட்டர் இருந்தது. பதினொன்று இருபதுக்குப் பதினாலு. பிள்ளைகள் இறங்கிய பிறகு பத்தொன்பது. இருபதுக்குத் திரும்பவில்லை. அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று யோசித்துப் பார்.

எங்கள் பள்ளிக்கு மட்டும் விலக்குக் கொடு, அல்லது எண்ணும் நேரத்தை நீட்டு. உன் ஒரு கையெழுத்து போதும்.

உன் அண்ணன்

(எந்த அண்ணன் என்று உதவியாளர் கேட்டால், ஒரே ஒருவன்தான் என்று சொல்லவும்.)


ஜூலை 10

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. வீட்டிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத் தாளில் எழுதினால் அது கோப்பில் சேரும். சேரக்கூடாது.

உறவினர் வேலை பார்க்கும் பள்ளியின் கோப்பில் நான் கைவைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே உங்கள் புகாரைத் துணை இயக்குநரிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். கட்டடத்தைப் பார்க்கப் பொறியாளர் ஒருவர் வருவார். அதற்கு மேல் நான் செய்தால், அண்ணன் பள்ளிக்குச் சலுகை காட்டினாள் என்று பேச்சு வரும். பேச்சு எங்கிருந்து, எப்படி வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மணி அடிப்பது இரண்டு நிமிடம் தாமதம் என்று எழுதினீர்கள். கரும்பலகைப் பெயின்ட் மட்டம் என்று எழுதினீர்கள். தலைமையாசிரியர் நாற்காலியின் உயரத்தைப் பற்றிக்கூட நான்கு பக்கம் எழுதினீர்கள். துணை இயக்குநர் உங்கள் பெயரைப் பார்த்ததுமே சிரித்தார். "இந்தத் தடவை என்னவாம் மேடம், சுண்ணாம்புக் கட்டி குட்டையா இருக்காமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் ஏன் சிரித்தார் என்பது புரிந்தது.

கடிதத்தின் அடியில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

தங்கை


ஜூலை 18, வெள்ளி

தங்கைக்கு,

உங்கள் பொறியாளர் இன்று வந்தார். வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு. மாடிக்கு ஏறி, அறை நடுவில் நின்று, செருப்புக் காலால் இரண்டு முறை தட்டினார். "கல்லு மாதிரி இருக்கு சார்."

"புதன்கிழமை வந்து பாருங்க. நூத்தி நாப்பத்திரண்டு பேர் நிக்கும்போது பாருங்க."

"புதன்கிழமை எனக்கு வேற மூணு பள்ளிக்கூடம் இருக்கு."

"அப்ப இந்த அளவுகளையாவது எழுதிக்கங்க."

"சார், நான் கட்டடத்தப் பாக்க வந்தேன். உங்க நோட்டப் பாக்க வரல."

எங்கள் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே 'ஆகட்டும்'தான். பொறியாளர் நல்ல தளம் என்றார், ஆகட்டும். நான் கெட்ட தளம் என்றேன், அதுவும் ஆகட்டும்.

ஒன்பதாம் தேதி பிள்ளைகள் நின்றபோது கீழ் அளவு பன்னிரண்டு, இறங்கியதும் திரும்பியது பதினெட்டு. பதினாறாம் தேதி கீழ் அளவு பதினொன்று, திரும்பியது பதினாறு. பள்ளியைப் பெருக்கும் அம்மா நேற்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "வியாழக்கிழமை ஆனா மேலேருந்து மாவு மாதிரி கொட்டுது சார். மத்த நாள்ல இல்ல. நான் என்ன, கிழமை பாத்தா பெருக்குறேன்?" அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. உங்கள் பொறியாளரைவிட நன்றாகக் கவனிக்கிறாள்.

கையெழுத்தைப் பற்றி ஏதோ குத்தியிருந்தாய். புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. உன் பதவித் தேர்வுக்கு எட்டு நோட்டுப் புத்தகம் குறிப்பு எழுதியது இந்தக் கைதான். அப்போது ஒன்றின் அடியிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. தேறியது நீ. அதே தேர்வில் நேர்காணல் வரை போய்த் திரும்பியது நான். அதைப் பற்றி இருபத்தோரு வருடமாக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை.

அண்ணன்


ஜூலை 25

அண்ணனுக்கு,

பேசவில்லை என்று சொல்லிச் சொல்லியே இருபத்தோரு வருடமாகப் பேசிவிட்டீர்கள். இன்று என் முறை.

போன வருடம் மார்ச்சில் எங்கள் இயக்குநருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஆறு பக்கம். பாதிப் பள்ளிகளில் வைஃபை கருவிகள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன என்று எழுதியிருந்தது. அது உண்மை. அந்தப் பணத்தில் இணை இயக்குநருக்குப் பங்கு போகிறது என்றும் எழுதியிருந்தது. அது பொய். விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தது. எழுத்து இடக்கையால் எழுதியதுபோல் சாய்ந்து கிடந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்பக்கம் பென்சிலால் மெல்லிய ஓரக்கோடு. கோட்டுக்கும் தாள் விளிம்புக்கும் நடுவே சரியாக இரண்டு விரல். அந்த எட்டு நோட்டுப் புத்தகங்களிலும் அதே கோடு. அவை இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன.

யார் எழுதியது என்று தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். என் வேலையில் நான் சொன்ன ஒரே பொய் அது.

புதன்கிழமை எண்ணிக்கை எதற்காக வந்தது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தால் வந்தது. இனி ஒருவரும் என்னை அப்படிச் சொல்லக்கூடாது என்று நானே உட்கார்ந்து எழுதிய விதி. முதலில் கருவி மட்டும் எண்ணப்படுவதாக இருந்தது. டேப்லெட்டுகளை மொத்தமாக மேஜையில் அடுக்கிவிட்டுக் கணக்குக் காட்டுவார்கள் என்று தோன்றியது. உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி: 'நீங்கள் பெட்டிகளை எண்ணுகிறீர்கள், பிள்ளைகளை எண்ணுவதில்லை.' நல்ல வரி. உங்களுக்கு எழுத வரும், அதை யாரும் மறுக்கவில்லை. அதனால்தான் பிள்ளை முகத்தைக் காட்ட வேண்டும் என்று சேர்த்தேன். அந்த வரியே சுற்றறிக்கையின் முதல் பத்தியில், 'பொதுமக்களில் ஒருவர் சுட்டிக்காட்டியபடி' என்று இருக்கிறது. உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். போய்ப் படியுங்கள்.

உங்கள் பள்ளிப் புகாரைத் துணை இயக்குநர் முடித்துவிட்டார். 'தளம் உறுதி, புகார்தாரர் வழக்கமானவர்.'

தங்கை


ஆகஸ்ட் 1

தங்கைக்கு,

பலகையில் ஒட்டியிருக்கிறது. படித்தேன். மொட்டைக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஓரக்கோடு போடுகிறவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் உண்டு.

'ஆகட்டும்' சாரை நச்சரித்து இரண்டு புதன்கிழமைகள் பிள்ளைகளை இரண்டு பாதியாக ஏற்றினேன். கீழ் அளவு பதிமூன்று, இறங்கியதும் பதினாறு. இரண்டு வாரமும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தொலையவில்லை. தளத்துக்கு வேறு நோய் இல்லை, கூட்டம்தான் நோய் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் ஒரு பிள்ளை முகத்தைக் காட்டி இணைப்புக்குள் போக ஏழெட்டு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதல் பாதி இறங்கி அடுத்த பாதி ஏறுவதற்குள் பதினொன்றரை. இரண்டு வாரமும் எண்ணிக்கை குறைந்தது. இரண்டு தப்பு ஆகிவிட்டது. மூன்றாவது விழுந்தால் பணம் நிற்கும்; அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கும் கணினி டீச்சருக்கு வேலை போகும்.

அவர் நேற்று ஆசிரியர் அறையில் என் எதிரில் அழுதார். "சார், உங்க நோட்டுல என்ன வேணா எழுதிக்கங்க. என் வீட்ல அடுப்பு எரியறது அந்த எண்ணிக்கையிலதான்."

தலைமையாசிரியர் என்னைத் தனியாக அழைத்தார். "இருபது நிமிஷம்தான சார். இருபது நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுது?"

"விழறதுக்கு ரெண்டு செகண்டு போதும் சார்."

"ஆகட்டும் சார். ஆனா ஆறாம் தேதி எல்லாரையும் ஏத்திடுவோம்."

அண்ணன்


ஆகஸ்ட் 4

அண்ணா,

இன்று காலை இயக்குநரிடம் நேராகப் போய்க் கேட்டேன். விதியை மீறி, உங்கள் அளவுகளை அவர் மேஜையில் வைத்தேன். அவர் சொன்னது இதுதான். "உங்க மேல இருக்கிற விசாரணை இன்னும் மூடல. அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலா வந்த விதி இது. அதுல நீங்களே, அதுவும் உங்க அண்ணன் ஸ்கூலுக்கு, ஓட்டை போட்டா நாளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அந்தக் கடிதத்தை எழுதியவர் முன்வந்து, பங்கு விஷயம் பொய் என்று ஒப்புக்கொண்டால் விசாரணை அன்றைக்கே மூடும். பிறகு விலக்கு உத்தரவுக்கு அவர் கையெழுத்துப் போடுவார். எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். உங்கள் வேலை போகும். எட்டு வருடத்தில் வரவேண்டிய ஓய்வூதியமும் போகலாம். நான் உங்களைப் பழிவாங்கவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே செய்கிறேன்.

பதிலை விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 14, வியாழன்

தங்கைக்கு,

உன் கடிதம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. ஒன்பது நாள் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு புதன்கிழமைகள் போயின.

ஆறாம் தேதி எல்லோரும் ஏறினார்கள். கீழ் அளவு எட்டு, திரும்பியது பதினாலு. நேற்று கீழ் அளவு ஐந்து. திரும்பியது பதினொன்று. நேற்று உத்திரத்திலிருந்து ஓர் ஆணி, என் விரல் நீளம், கழன்று ஒன்றாம் வகுப்பின் நடுவில் விழுந்தது. யார் மேலும் படவில்லை. ஒரு குழந்தை அதை எடுத்துக்கொண்டு வந்து, "சார், உங்க குச்சியோடது" என்று என்னிடம் கொடுத்தது. என் கம்பியில் ஆணி எதுவும் கிடையாது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் யாரிடமும் கேட்காமல் குழந்தைகளைச் சுவரோரமாக நகர்த்திவிட்டாள். அறை நடுவில் இப்போது என் கம்பி மட்டும் நிற்கிறது.

இந்த ஒன்பது நாளும் என்ன செய்தேன் என்று கேட்பாய். தாளை எடுப்பேன், ஓரக்கோடு போடுவேன், கிழித்துப் போடுவேன். பாதி உண்மைதானே, எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வாதாடினேன். கேட்க ஆள் இல்லாததால் நானே ஜெயித்தேன்.

இன்னொன்றும் உண்டு. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. நேற்று அளவு ஐந்து என்று பார்த்தபோது பயந்தேன். ஆனால் மனசின் ஒரு மூலையில் ஒரு நிம்மதியும் இருந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் எல்லோருக்கும் புரியும், உன் துணை இயக்குநர் சிரித்த வாயை மூடுவார், உன் பெயரும் அதில் அடிபடும் என்று ஒரு நிம்மதி. மேலே நூற்று நாற்பத்திரண்டு பேர், கீழே முப்பத்தொரு பேர், நடுவில் நின்றுகொண்டு நான் என்னுடைய வெற்றியை மில்லிமீட்டரில் அளந்துகொண்டிருந்தேன். அது தெரிந்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

ஒப்புதலை இத்துடன் இணைத்திருக்கிறேன். கடிதம் நான் எழுதியது. பங்கு விஷயம் நான் கட்டியது. எந்த ஆதாரமும் இல்லை, பொறாமை தவிர. கீழே கையெழுத்து, முழுப் பெயர், பதவி.

ஓரக்கோடு போடவில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 18, திங்கள்

அண்ணா,

இன்று காலை வந்தது. இயக்குநர் இரண்டு தடவை படித்தார். மத்தியானத்துக்குள் விசாரணையை மூடிவிட்டார். விலக்கு உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது: உங்கள் பள்ளியில் மாடி அறையைப் பயன்படுத்தக் கூடாது, எண்ணிக்கை கட்டாயமில்லை. உங்கள் பள்ளிக்கு மட்டும்.

உங்களைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யும் ஆணை தனியாக வரும். என்னையும் வேறு துறைக்கு மாற்றுகிறார்கள். எழுதியது யார் என்று தெரிந்தும் தெரியாது என்று சொன்னதை நானே ஒப்புக்கொண்டேன், அதற்காக. இந்த மாதக் கடைசியில் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், பேனா நகரவில்லை.

உத்தரவு இன்று மாலையே, துறை உத்தரவுகள் வரும் உங்கள் பள்ளித் திரைக்குப் போய்விட்டது. தாளில் அனுப்புவதை நிறுத்தி ஒரு வருடம் ஆயிற்றே, அதனால் தாமதம் இல்லை. இனி கவலைப்படாதீர்கள். இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 21, வியாழன்

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுப் புதன்கிழமை பத்தே முக்காலுக்கு என் கைக்கு வந்தது. படித்து முடிக்கும்போது பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

உங்கள் உத்தரவு 'பள்ளித் திரைக்கு'ப் போயிருக்கலாம். அந்தத் திரை எங்கே இருக்கிறது என்று யோசித்தாயா? மாடி நூலக அறையில். அங்கே மட்டும்தான் சிக்னல். அதைத் திறப்பதே புதன்கிழமை பதினொன்று பத்துக்குத்தான். அறையில் யாரும் நிற்கக் கூடாது என்ற உத்தரவைப் படிக்க அறையில் எல்லோரும் நிற்க வேண்டும்.

கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். "இது உங்க தங்கச்சி எழுதினது சார். ஆபீஸ் எழுதினது இல்லயே. மேல போய்த் திரையைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நீங்க மட்டும் போய்ப் பாருங்க. பிள்ளைங்களை ஏத்தாதீங்க."

"வரலைன்னா? மூணாவது தப்பு சார்."

"அப்ப நான் ஏத்த விடமாட்டேன்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதரின் வாயிலிருந்து, "ஆகாது சார்" என்று கேட்டேன்.

பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். நான் கத்தினேன், பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கேட்காமலே குழந்தைகளைத் திடலுக்கு ஓட்டிப் போய்விட்டாள். நான் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மின்பலகைக்குப் போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கருவி அணைந்தது. சிக்னல் இல்லை என்றால் மேலே நிற்க யாருக்கும் காரணம் இல்லை. பத்து நிமிடத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கணினி டீச்சர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இதை ஜூலை இரண்டாம் தேதியே செய்திருக்கலாம். மின்பலகை அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

மூன்று மணிக்குப் புது ஃபியூஸ் போட்டு, தலைமையாசிரியர் தனியாக மேலே போய்த் திரையைத் திறந்தார். உத்தரவு இருந்தது. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடமே நீட்டினார். என் பெயரில் வந்த வேலைநீக்க ஆணையும் அதே திரையில்தான் இருந்ததாம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இன்று காலை என் பொருள்களை எடுக்கப் போனபோது ஒரு வண்டி வந்தது. எங்கள் கருவியைக் கழற்றி ஏற்றினார்கள். விலக்கு வாங்கிய பள்ளிக்குக் கருவி எதற்கு, காத்திருப்பவர்களுக்குப் போகட்டும் என்று உத்தரவாம். எங்கே போகிறது என்று கேட்டேன். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளி. எனக்கு அது தெரியும். தேர்வு மேற்பார்வைக்குப் போயிருக்கிறேன். எங்கள் பள்ளியின் அச்சு. அதே வரைபடம், அதே வருடம், அதே துறை கட்டியது. மாடியில் அதே நீள அறை. சிக்னல் கோபுரத்தைப் பார்த்த ஜன்னல் அங்கே மட்டும்தான்.

எங்கள் பள்ளியில் ஆறு வருடமாக ஒருவனுக்கு அளப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தது. அங்கே அப்படி யாராவது இருக்கிறார்களா? பொது உத்தரவாக மாற்று. மாதக் கடைசி வரை அந்த நாற்காலி உன்னுடையதுதானே.

அண்ணன்


ஆகஸ்ட் 29, வெள்ளி

அண்ணா,

இதுதான் இந்த மேஜையில் நான் எழுதும் கடைசிக் கடிதம். அலுவலகத் தாளிலேயே எழுதுகிறேன். கோப்பில் சேர்ந்தால் சேரட்டும்.

இயக்குநரிடம் போனேன். "ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேட்டீங்க, குடுத்தாச்சு. ஃபியூஸைப் பிடுங்கினவர் பேச்சைக் கேட்டு விதியையே மாத்தச் சொல்றீங்களா?" என்றார். துணை இயக்குநர்தான் திங்கட்கிழமையிலிருந்து என் இடத்தில்.

பிறகு நானே பதிவறையில் உட்கார்ந்து தேடினேன். உன் பள்ளியின் வரைபடத்தில் கட்டிய பள்ளிகள் நாற்பத்து மூன்று. முப்பத்தெட்டில் நம்முடைய கருவி இருக்கிறது. அதில் எத்தனை பள்ளியில் அது மாடியில் இருக்கிறது, கீழே எந்த வகுப்பு இருக்கிறது, தளம் மரமா கல்லா என்று பார்க்க நினைத்தேன். பார்க்க முடியவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது, வாரவாரம், முகத்தோடு. கருவியின் எண் இருக்கிறது. அறையைப் பற்றி எழுதப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்தப் படிவத்தை நான்தான் வரைந்தேன், அண்ணா. மூன்று வாரம் இரவு பகலாக உட்கார்ந்து வரைந்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

முப்பத்தெட்டுத் தலைமையாசிரியர்களுக்கும் என் கையெழுத்தில் தனித்தனியாக எழுதி இன்று தபாலில் போட்டிருக்கிறேன். அவை போய்ச் சேரும்போது எனக்கு இந்தப் பதவி இருக்காது, அதனால் பதவி போட முடியவில்லை. பதவி இல்லாத கடிதத்தை யார் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

நீ அந்தப் பள்ளிக்குப் போ. கம்பியை எடுத்துக்கொண்டு போ. நீ சொல்வதை நான் முதல் கடிதத்திலேயே நம்பினேன். நம்பியும் கோப்பை நகர்த்திவிட்டேன்.

உன் தங்கை


செப்டம்பர் 3, புதன்

தங்கைக்கு,

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். வாசலில் காவலாளி என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "உங்க போட்டோதான் சார் இது?" நான்தான். என் பணி அடையாள அட்டையில் இருக்கும் படம், பதினைந்து வருடப் பழசு.

தலைமையாசிரியை வாசலுக்கே வந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். "மன்னிச்சுக்கங்க சார். மொட்டைக் கடுதாசி போட்டவர், ஃபியூஸ் பிடுங்கினவர், உள்ள விடக்கூடாதுன்னு எழுதி வந்திருக்கு."

"விட வேண்டாம் மேடம். இந்தக் கம்பியை மட்டும் உள்ள வாங்கிக்கங்க. மாடிக்கு நேர் கீழ வெச்சு, பதினொண்ணு இருபதுக்கு ஒரு தடவ அளந்து பாருங்க. அளவு மட்டும் போதும்."

கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் ஓர் இரும்புக் கம்பி இருப்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"என் தங்கை எழுதின கடிதம் வந்துதா?"

"வந்துது. நேத்து ஆபீஸ்லேருந்தும் வந்துது, அந்தக் கடிதத்தக் கண்டுக்க வேணாம்னு."

"மாடியில மரத்தளம்தான?"

"மரம்தான். எத்தனையோ வருஷமா நிக்குது சார், இப்பவா விழப்போகுது?"

"கீழ எந்த வகுப்பு?"

அவர் திரும்பிக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் மாறியது போல் இருந்தது. அதற்குள் உள்ளே மணி அடித்தது. "முதல் எண்ணிக்கை சார் இன்னிக்கு. நான் போகணும்" என்று வேகமாக நடந்தார். காவலாளி கதவைச் சாத்தினார்.

எதிரில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொடுத்தார். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். "என்ன சார் விழுந்துச்சு?" என்றார்கள். இன்னும் இல்லை என்றேன். "விழுந்தா கூப்பிடுங்க" என்றார்கள்.

மணி பதினொன்று ஐந்து. இந்தப் பள்ளிக்கு மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக ஏறுகிறார்கள். புது டேப்லெட், புது உறை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கீழ் ஜன்னலில் இரண்டு சின்னத் தலைகள் எட்டி அவர்களை வேடிக்கை பார்க்கின்றன. என் கையில் கம்பி இருக்கிறது, அளக்க இடமில்லை. வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எழுபத்தாறு. எண்பத்தெட்டு. நடுவில் ஒரு லாரி வந்து மறைத்தது, அதில் சிலர் விட்டுப்போயிருக்கலாம்.

நூற்று முப்பத்தொன்பது. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.